ரத்தம் பெங்களூருக்கு, முதுகு புஷ்பவல்லிக்கு

...இது வேறயாம், பழசு முத்திப்போய் வந்தது இல்லையாம், பழசு அது பாட்டுக்கு ஒரு பக்கம் கிடக்க இது புதுசா இன்னொண்ணாம், ஒரே உடம்புக்குள்ள ரெண்டு ரத்தக் கேன்சரா, அட சாமி, இப்படியும் உண்டா, ஒண்ணு வந்தவனுக்கு இன்னொண்ணு வராது என்றுதானே புஷ்பவல்லி இத்தனை வருஷமாக நம்பியிருந்தாள், யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லைதான், அம்மை போட்டு இறங்கின பிள்ளைக்கு மறுபடி போடுமா என்று அவளாகவே ஒன்றை நினைத்துக்கொண்டு தைரியமாக இருந்துவிட்டாள்... பெங்களூரிலிருந்து வந்த ரயில் பங்காருபேட்டையில் நின்றுகொண்டிருந்தது, இங்கே வந்தால் எப்போதும் இப்படித்தான், எப்போது கிளம்பும் என்று அந்த ரயிலுக்கே தெரியாது. பக்கத்தில் ஜன்னலோரம் அவள் புருஷன் ராஜப்பா டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். உடம்பு அவருடையதுதான், ஆனால் இந்தப் புதுசைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே அறைக்குள் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் டாக்டரம்மா இவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இது பேரே அம்மா" என்றது. பேரே என்றால் வேறே. அவ்வளவு கன்னடம் காய் வாங்கி வாங்கியே அவளுக்கு வந்துவிட்டது, வராமலே போயிருக்கலாம். பழையது ரத்தத்தில் வெள்ளை அணு கூடிப்போகிற நோய், மெதுவாகப் போகிறது, மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கிறது. புதுசு எலும்புக்கு உள்ளே மஜ்ஜையில் உட்கார்ந்துகொண்டு எலும்பையே அரிக்கிறது, விலாவில் விரிசல், முதுகெலும்பில் ஒன்று நசுங்கியே போயிருக்கிறது, திங்கட்கிழமை சேர்க்க வேண்டும், நீங்கள் சொல்கிறீர்களா நான் சொல்லட்டுமா என்று டாக்டரம்மா கேட்டபோது, நானே சொல்றேம்மா, வீடு போறதுக்குள்ள சொல்லிடறேன் என்று இவள் வாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எங்கே சொன்னாள்? ஒயிட்ஃபீல்டு போச்சு, மாலூர் போச்சு.

முதுகு வலியென்று ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? அதையும் டாக்டரம்மா கேட்டது, திட்டவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டது. என்னவென்று சொல்வது? தங்கச் சுரங்கத்தில் கேஜ் கூண்டில் ஏறி ஷாப்ட்டுக் குழிக்குள் இறங்கின ஆம்பிளைக்கு முதுகு வலிக்காமல் வேறே என்ன வலிக்கும், அதை எவனாவது போய் டாக்டரிடம் சொல்வானா, அதுவும் பெங்களூர் வரை போய், அதுவும் ரத்தம் பார்க்கிற டாக்டரிடம்! கூரை இடியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை ராஜப்பாவுக்கு, அந்த மரத்தைத் தோளில் தூக்கினவன் எவன் முதுகு நேராக இருக்கிறது? அவர்கள் குடியிருக்கிற சுரங்கத் தொழிலாளர் லைனில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வீடு கற்பூரம் போட்டுக் காய்ச்சின வேப்பெண்ணெய் நாறும், வீட்டுக்கு வீடு ஒரு பொம்பிளை ஒரு முதுகை அமுக்கிக்கொண்டிருப்பாள், அதை யாரும் நோய் என்று சொன்னதில்லை. ரத்தம் பெங்களூருக்கு, முதுகு புஷ்பவல்லிக்கு, அவ்வளவுதான் அவர்கள் பிரித்து வைத்திருந்தது. அதனால்தான் டாக்டரம்மா வேறே ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்ட போதெல்லாம் ரெண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள், ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கோம்மா என்று. இன்றைக்கு எக்ஸ்ரே எடுக்கப் படுக்கச் சொன்னபோது அவர் கத்தினதால்தான் தெரிந்தது. நேற்றுகூட முழங்கையை ஊன்றி அமுக்கினாளே பாவி, அங்கதான், அங்கதான், இன்னும் நல்லா என்று அவர் சொல்லச் சொல்ல இன்னும் பலமாக... அந்த விரிசல் நோய் போட்டதா, இந்த முழங்கை போட்டதா? கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. இனிமேல் அமுக்கவே கூடாது என்று மட்டும் டாக்டரம்மா சொன்னது, தட்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, இப்போ அது கண்ணாடி மாதிரிம்மா...

"இன்னா ராஜப்பா, எப்டி கீற? ஆஸ்பத்திரியா?" யாரென்று பார்த்தால் சாம்சன், இவரோடு ஒரே ஷிப்டில் இறங்கினவர், இந்த வருஷம் சுரங்கத்தை மூடினதிலிருந்து பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டுக்கு வாட்ச்மேன், தினம் இந்த ரயில்தான் அவருக்கு. "ரத்தத்துக்குத்தாம்பா, அது கெடக்குது கழுதை. முதுகுதான் பாடாப் படுத்துது" என்றார் ராஜப்பா, படுத்துகிறது என்று சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது, ஐயோ, அதை இவள் பார்த்தாள். "எனுக்கும் இடுப்பு அப்டித்தான்" என்றார் சாம்சன். ராஜப்பா விடவில்லை: "ஷாப்ட்ட மூடினான், கேஜை நிறுத்தினான், சங்கு ஊதறதக்கூட நிறுத்திட்டான். இத எவன் நிறுத்துவான் சொல்லு பாக்கலாம்? இது நம்ம சர்வீஸ்பா!" சாம்சன் சிரித்துக்கொண்டே, அப்படிச் சொல்றா ராஜா என்று அவர் முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கினார். "தட்டாதீங்கண்ணே!" பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவள் சாம்சனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "டீ... டீ கொட்டிடும்ண்ணே, சுடு டீ." டம்ளரில் அடி மண்டிதான் இருந்தது. சாம்சன் அதையும் பார்த்தார், இவளையும் பார்த்தார், சரிம்மா சரிம்மா என்று மெல்லக் கையை உருவிக்கொண்டு வேறே இடம் பார்க்கப் போனார்.

ரயில் கிளம்பிவிட்டது. இப்போது சொல்லலாம், சொல்லித்தான் ஆகவேண்டும், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் இறங்குகிற மாரிக்குப்பம் வந்துவிடும், வீட்டுக்குப் போனால் பாயை விரித்துக் குப்புறப் படுத்துவிடுவார். ஆனால் என்னவென்று சொல்வாள்? இன்னொரு நோய் என்றால்கூட அந்த மனுஷன் தாங்கிக்கொள்வார், பாறை வெடித்துப் பக்கத்தில் நின்றவன் செத்தபோதுகூட மறுநாள் ஷிப்டுக்குப் போனவர். ஆனால் இந்த முதுகு சுரங்கத்துடையது இல்லை என்று எப்படிச் சொல்வது? வேலை போச்சு, கேஜ் போச்சு, மிச்சம் இந்த வலி ஒன்றுதானே, இது நம்ம சர்வீஸ் என்று மார் தட்டிக்கொள்ள இருந்தது, அதையும் பிடுங்கி, இது உன் உழைப்பு இல்லைய்யா, சும்மா ஒரு நோய்தான் என்று... அவளுக்கும்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எண்ணெய் காய்ச்சின ஒவ்வொரு நாளும் அந்தச் சுரங்கத்தைத் திட்டியிருக்கிறாள், கட்டையில போக, என் புருஷன் முதுகை ஒடிச்சிட்டியே என்று வாய் வலிக்க. கோரமண்டல் வந்தது, சாம்சன் இறங்கி இந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நடந்தார், அவருக்குப் பின்னால் வெயிலில், தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டின சயனைடு மண் மேடு வெளுத்துக் கிடந்தது. இனி யாரைத் திட்டுவது?

"புஷ்பா, உக்காந்து உக்காந்து வலி பிராணன் போவுது. கொஞ்சம் அமுக்கேன்" என்று ராஜப்பா ஜன்னல் பக்கம் திரும்பி முதுகைக் காட்டினார். அவள் கை பழக்கத்தில் போய்விட்டது, போய்த் தொட்டதும் நின்றுவிட்டது, சட்டைக்குள் எலும்பு தட்டுப்பட்டது, இத்தனை மெலிந்துவிட்டாரா, தினமும் தொட்டும் எப்படித் தெரியாமல் போச்சு? கையை எடுக்கவும் முடியவில்லை, அழுத்தவும் முடியவில்லை. "இன்னா, சும்மா வச்சிங்கிற? அமுக்கு." சொல்லு புஷ்பா, இப்போது சொல்லு, இதைவிட எப்போது சொல்லப்போகிறாய்... "கை வலிக்குதுங்க" என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாயில் தனக்கு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை, வலியெல்லாம் அந்த வீட்டில் அவருடையதுதான். "அடிப்பாவி, சொல்லக்கூடாதா? தெனம் அமுக்கச் சொல்றனே நானும்." அவள் கையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார், மரம் தூக்கின அந்தத் தடித்த விரல்களால் உள்ளங்கையை அமுக்க ஆரம்பித்தார், பலம் இருந்தது, இன்னும் எவ்வளவு பலம் இருந்தது... ஒவ்வொரு விரலாக நீவிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, "எங்க வலிக்குது? இங்கயா? இங்கயா?" என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். எந்த இடத்தைக் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.