செயின் லாக் மாட்டிய திசை

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் என் பைக்கின் செயினைக் கழற்றினேன். மறுநாள் காலை தங்கச்சி மாரிசெல்வியைக் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அவளுக்கு குரூப் ஃபோர் பரீட்சை.

பென்னலூரில் என்னோடு ரூமில் இருந்த ஐயனார் பனியனைப் பிழிந்துகொண்டே பார்த்தான்.

"ஓடுத செயினை எதுக்குல கழத்துத? கிறுக்கு புடிச்சிருக்கா?"

"நடுவழியில நின்னுட்டா?"

"இதுவரைக்கும் ஒரு நாளாவது நின்னுருக்கா?"

நின்றதில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. வேறு எந்த நாள் நின்றாலும் பரவாயில்லை. நாளைக்கு நிற்கக் கூடாது.

செல்வி சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கி, செல்போன் போர்டு செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள். இரண்டு வருஷமாக ஷிப்ட் முடிந்து வந்து படித்தாள். திசையன்விளை மாமா மகனுக்கு அவளைக் கேட்டு வந்தபோது, எனக்குப் படிக்க வேணும் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதாள். கடைசியில் அப்பா ஒரு வழி சொன்னார்.

"இந்த ஒரு பரிச்ச. நல்லா எழுதிட்டேன்னு நீ சொன்னா, ரிசல்ட் வார வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். இல்லன்னா நான் சொல்லுத மாப்பிள்ளைக்கு கழுத்த நீட்டணும்."

அவள் சம்மதித்தாள்.

செயின் கவரைக் கழற்றி, மூக்குக் குறடால் லாக்கைத் தள்ளி எடுத்தேன். லாக் என்பது நகத்தளவு தகடு. ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் மீன் வாய் மாதிரி திறந்திருக்கும். செயினின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது அதுதான். செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தேன். கறுப்பாக வந்தது. பேப்பரில் உலர்த்தி, கியர் ஆயில் விட்டுத் திரும்ப மாட்டினேன். விரலால் தூக்கிப் பார்த்துத் தொய்வைச் சரி செய்தேன். லாக்கைப் போடும்போது நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போட்டது.

கம்பெனியில் நான் லாரிக்கு ஷாஃப்ட் கோக்கிற லைனில் நிற்கிறேன். இன்ஜினில் இருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டு அது. அதன் மூட்டில் கிரீஸ் ஏற்றி லாக் போடுவது என் வேலை. ஒரு ஷிப்டில் அறுநூறு லாக்காவது போடுவேன். எல்லா லாக்கின் வாயும் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் திருமலை உள்ளூர்க்காரர். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"வாய் முன்னாடி பாக்கணும்பா. நான் நடந்துகினே எண்ணுவேன். ஒண்ணு திரும்பிகினு இருந்தாலும் லைனை நிறுத்திடுவேன், ஆமா."

செயினுக்கும் அப்படியே போட்டேன். வாய் முன்பக்கம். கவரை மூடி நாலு போல்ட்டையும் முறுக்கினேன்.

காலை ஆறரை பஸ்ஸில் பூமாரி என்ற தோழியோடு போவதாகத்தான் செல்வி இருந்தாள். நான்தான் விடவில்லை.

"நைட்டு பதினோரு மணிக்கு ஷிப்ட் விட்டு வார. பஸ்ல நசுங்கிப் போயி என்னத்த எழுதுவ? எட்டு மணிக்கு நான் வாரேன். ஒன்றர மணி நேரம் கூடத் தூங்கு."

"நேரத்துக்கு வந்துருவியாண்ணே?"

"ஏட்டி, ஏழே முக்காலுக்கு வாசல்ல நிப்பேன்."

நின்றேன். அவள் தலைக்குக் குளித்து, ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் பிடித்திருந்தாள். லாரி குறைவாக இருக்கும் என்று வாலாஜாபாத் ரோட்டில் விட்டேன். தை மாசப் பனி. பின்னால் அவள் நதிகளின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில் கவருக்குள் சடசடவென்று சத்தம். இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி நின்றது. கவரைக் கழற்றிப் பார்த்தேன். செயின் சுருண்டு கிடந்தது. லாக்கைக் காணோம்.

அப்போது ஒரு பஸ் வந்தது. காஞ்சிபுரம் பஸ். செல்வி கையைத் தூக்கப் போனாள்.

"அண்ணே, நான் இதுல போயிருதேன்."

"ரெண்டே நிமிஷம்ட்டி. லாக் இங்கனதான் விழுந்திருக்கும். போட்டுட்டா பஸ்ஸுக்கு முன்னாடி போயிரலாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை இறக்கிக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

ரோட்டில் குனிந்து தேடினேன். அவளும் தேடினாள். கிடைக்கவில்லை. வேலியிலிருந்து கம்பி பிய்த்து முறுக்கிக் கட்டினேன். ஒரு கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. அடுத்த பஸ்ஸும் வரவில்லை. கத்திரிக்காய் மூட்டையோடு மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார். பெயர் நடேசன் என்று சொன்னார்.

"இன்னாப்பா, செயின் பூட்ச்சா? பொண்ணு ஏன் அழுவுது?"

"பரிச்சைங்கய்யா. பத்து மணிக்கு."

"மொதல்ல சொல்லக் கூடாதா? ஏறும்மா." மூட்டையை அவிழ்த்து ரோட்டோரம் வைத்துவிட்டு அவளை ஏற்றினார். "நீ இத்த பாத்துகினு இரு. மாடு வரும்." மொபெட் மெல்லத்தான் போனது.

அவர் திரும்பி வந்த பிறகு வண்டியை வாலாஜாபாத் வரைக்கும் தள்ளினேன். மெக்கானிக் செயினைப் பார்த்தார். "கடைசியா யார் கை வச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"லாக்கை எப்படிப் போட்ட?"

"வாய் முன்னாடி."

"தலைகீழா போட்டுகீற. செயின் ஓடுற பக்கம் மூடின சைடு இருக்கணும். வாய் ஓடுற பக்கம் இருந்தா எதுலனா மாட்டி இழுத்துடும். சும்மா வுட்டிருந்தா இன்னும் ஆறு மாசம் ஓடியிருக்கும், நைனா."

நான் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே செல்வி உட்கார்ந்திருந்தாள். கேட்டை மூடிப் பன்னிரண்டு நிமிஷம் கழித்து வந்தாளாம். வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தாராம். உள்ளே எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை.

லாக்கைப் பற்றி அவளிடம் சொன்னேன். ஒரு மணி அடிக்கும் வரை, எல்லாரும் வெளியே வரும் வரை, அங்கேயே இருந்தாள். பிறகு என் போனை வாங்கி அப்பாவுக்குப் போட்டாள்.

"எழுதிட்டேம்பா... இல்லப்பா, சரியா எழுதல. கஷ்டமா இருந்துச்சி."

"எதுக்குட்டி அப்படிச் சொன்ன?" என்றேன்.

"ஒன்னாலன்னு சொன்னா அப்பா ஒன்ன வாசப்படி ஏத்துவாரா? வண்டி வாங்குனதுக்கே ஒங்கிட்ட நாலு மாசம் பேசல. நல்லா எழுதுனேன்னா ரிசல்ட்டுல வெளிய வந்துரும். விடுண்ணே."

விட்டேன். அதுதான் நான் செய்த அடுத்த தப்பு. தினமும் போனை எடுப்பேன், அப்பா நம்பர் வரைக்கும் போவேன், வைத்துவிடுவேன். நாளைக்குச் சொல்லலாம். லீவில் நேரில் சொல்லலாம். இப்படியே பதினோரு நாள் போனது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் ஹாஸ்டல் வாசலுக்கு வந்து செல்வியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். லாக், பஸ், கேட், அவள் சொன்ன பொய். கடைசியில், "அவளுக்கு இன்னொரு தடவ குடுங்கப்பா, தப்பு எம்மேல," என்றேன்.

அப்பா திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏலே," என்றார். குரல் உடைந்திருந்தது. "புள்ள பரிச்ச எழுதவே இல்லியா? அவ எழுதித் தோத்துட்டாள்னுல்ல நான் நெனச்சேன்."

"ஆமாப்பா."

"ஒரு நாளு முன்னாடி சொல்லியிருந்தாக்கூட நிறுத்தியிருப்பனேல. நேத்து சாயங்காலம்தான் மாமா வீட்டுல வெத்தல பாக்கு மாத்துனோம். ஊர்ப் பெரியாளுவ முன்னால வாக்குக் குடுத்துட்டேன். எங்கிட்டச் சொல்ல ஒனக்கு அம்புட்டுப் பயமால?"

செல்வி போனை என் கையிலிருந்து எடுத்தாள்.

"அப்பா, நீங்க அழாதீங்க," என்றாள். "எனக்கு ரெண்டாம் ஷிப்ட். கம்பெனி பஸ் வந்துட்டு. வைக்கேன்."

பஸ் இன்னும் வரவில்லை. ரோடு காலியாகக் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் அது வரும் திசையைப் பார்த்தபடி நின்றோம்.