புது செட்

ஸப்னாவின் கலியாணத்துக்கு வாப்பா கொடுத்த பழைய காரில் ஏழு வருடங்களாக ரேடியோ பாடியதே இல்லை. அன்று காலை கல்முனையில் அவளுடைய கணவன் நிப்ராஸ் அதற்குப் புது செட்டும் நான்கு ஸ்பீக்கரும் பூட்டினான். போன் வந்தால் கார் முழுக்கக் கேட்கும் என்று கடைக்காரர் போட்டுக் காட்டியபோது ஸப்னா சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள். பின்சீட்டில் வாப்பாவை ஏற்றிக்கொண்டு பாலமுனையில் இருக்கும் அவள் தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டார்கள்.

நிந்தவூரைத் தாண்டும்போது பாட்டு நின்றது. நாலு பக்கமும் மாமியின் குரல் கேட்டது.

“மனே, அந்த மலடிக்கிட்ட சொல்லிட்டியா? வாற வெள்ளிக்கிழம நிக்காஹ். பொண்ணு ஊட்டுல எல்லாம் ஆயத்தம்.”

ஸப்னா பதறிப்போய் செட்டை அணைக்கக் கை நீட்டினாள். நிப்ராஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

“ஓம் உம்மா. அவளும் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கா. எனக்குச் சொல்ற வேல மிச்சம்.”

வாப்பா ஏதாவது கேட்பார் என்று ஸப்னா பின்னால் திரும்பினாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

“கார நிப்பாட்டுங்க மருமகன்,” என்றார்.

நடுவெயிலில், ரோட்டோரம் ஸப்னாவும் வாப்பாவும் இறங்கினார்கள். வாப்பா கதவை ஓங்கிச் சாத்தப் போனார்.

“மாமா, மெதுவாச் சாத்துங்க. கதவுக்குள்ள ஸ்பீக்கர் இரிக்கி,” என்றான் நிப்ராஸ்.

வாப்பா மெதுவாகவே சாத்தினார். அதைப் பார்த்தபோதுதான் ஸப்னாவுக்கு அழுகை வந்தது.