கிளறாத கேக்

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு ஊருக்கே தெரியும். வேலை செய்யற இடத்துல எனக்குப் பேரே மிளகாய். நேர்ல கூப்பிடற தைரியம் யாருக்கும் இல்லை, முதுகுக்குப் பின்னாடி எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல விடிய விடிய கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள்ள ஈரத் துணியைத் தள்ளிக்கிட்டு நிக்கறவளுக்குக் குளுகுளுன்னு பேச்சு எங்கேருந்து வரும்?

ராத்திரி ஷிப்ட்தான் என் பிரச்சினையே. புருஷன் இருக்காரு. இருக்காருன்னா, போன்ல இருக்காரு. கப்பல் வேலை. அதனால நான் வேலைக்குப் போற ராத்திரியெல்லாம் என் பொண்ணு நாத்தனார் வீட்டுலதான் தூங்குவா. எங்க வீட்டுலேருந்து மூணு தெரு தள்ளி. முதல்ல ஒரு தலையணையும் மாத்துத் துணியும்தான் எடுத்துட்டுப் போனா. அப்புறம் கலர் பென்சில் போச்சு, கதைப் புத்தகமெல்லாம் போச்சு, மழைக்கோட்டு போச்சு. இப்ப என் வீட்டு அலமாரியில அவளோடதுன்னு இருக்கறது அறுந்த செருப்பும் சின்னதாப் போன ரெண்டு கவுனும்தான்.

நாத்தனார் மட்டும் கெட்டவளா இருந்திருந்தா எனக்கு எவ்வளவு வசதியா இருந்திருக்கும். நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு மனசை ஆத்திக்கிட்டிருப்பேன். அவ தங்கமான பொம்பளை. பிள்ளை இல்லை. என் பொண்ணுக்குத் தலை வாரி விடறா, வீட்டுப்பாடம் சொல்லிக் குடுக்கறா, காய்ச்சல்னா பக்கத்துலயே கண்ணு மூடாம உக்காந்திருக்கா. ஒரு குத்தம் கிடைக்குமான்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தும் ஒண்ணும் சிக்கலை. இந்த எரிச்சலை யார்கிட்ட போய்ச் சொல்ல?

அதனாலதான் அந்தப் பகல் சூபர்வைசர் வேலை மேல எனக்கு அப்படி ஒரு ஆசை. பழைய சூபர்வைசரம்மா இடுப்பு வலி தாங்காம நின்னுட்டாங்க. அடுத்தது நான்தான்னு கூடமே பேசிச்சு. உருளை எனக்கு அத்துப்படி, எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கேன். ஆனா அந்த நாற்காலியும் அதிகாரமும் யாருக்கு வேணும்? என் பொண்ணு ராத்திரி என் பக்கத்துல படுத்துத் தூங்கணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எங்க சலவைக்கூடத்துல ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் பெரிய வேலைன்னு மேனேஜர் முன்கூட்டியே வாயைத் திறக்க மாட்டாரு. சொன்னா பொறாமையில துணி கருகுமாம். திங்கக்கிழமை காலையில, ராத்திரி ஆளுங்க கிளம்பி பகல் ஆளுங்க வர்ற நேரத்துல, போர்டுல பேரை ஒட்டுவாங்க. ஆனா அப்பவே அந்த ஆளு டீயோட எல்லாருக்கும் இனிப்பு குடுக்கணும். முன்னாடியே தெரியலைன்னா இனிப்பு வானத்துலேருந்தா விழும்? அதுக்காக ஸ்டோர்காரர் ரெண்டு மூணு நாள் முன்னாடியே அந்த ஆளுகிட்ட போய், திங்கக்கிழமை ஏதாவது இனிப்பு கொண்டு வான்னு மட்டும் சொல்லுவாரு. அதுக்கு மேல அவரும் பேச மாட்டாரு, நாமளும் எதுக்குன்னு கேட்கக் கூடாது. கேட்டா அவரைக் காட்டிக் குடுத்த மாதிரி. முன்னாடி பாய்லர்காரருக்குப் பதவி வந்தப்பவும் அப்படித்தான் தெரிஞ்சது, சூபர்வைசரம்மாவுக்கும் அப்படித்தான்.

அந்த வாரம் சனிக்கிழமை காலையில நான் கையுறையைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். ஸ்டோர்காரர் நேரா என்கிட்ட வந்தாரு. கையில கனமா ஒரு பை.

"இதை வெச்சு ஏதாவது இனிப்பா பண்ணிட்டு வாம்மா, திங்கக்கிழமைக்கு. எல்லாருக்கும் வர்ற மாதிரி."

பையைக் குடுத்தாரு, போயிட்டாரு. எனக்குக் காலு தரையில பாவலை. பையைத் திறந்து பார்த்தா கேக் மாவுப் பெட்டி ரெண்டு, டப்பாவுல அடைச்ச அன்னாசி, டப்பாவுல அடைச்ச பீச் பழம், வெண்ணெய். மத்தவங்களுக்கெல்லாம் வாயால சொன்னாரு, எனக்கு மட்டும் பொருளும் சேர்த்துக் குடுக்கறாரே, நம்ம மேல என்ன மரியாதைன்னு நானே எனக்கு சபாஷ் போட்டுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்குப் பொண்ணு என்கூட இருப்பா. மத்தியானம் சாப்பிட்டதும் பையை மேசை மேல கவுத்தேன். அவ பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"அம்மா, இது எனக்குத் தெரியும். அத்தை பண்ணுவாங்க. ரொம்ப ஈஸி."

எடுத்த எடுப்புலயே அத்தை. சரி, இன்னைக்கு யார் மேலயும் கோபப்படக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். "நீயே சொல்லு, நான் பண்றேன்"னேன்.

அவ சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதுக்கெல்லாம் ஒரு செய்முறையா? டப்பாவைத் திறந்து பழத்தை ஜீராவோட தட்டுல கொட்டணும். பெட்டியிலேருந்து மாவை அப்படியே, காய்ஞ்ச மாவா, பழத்து மேல தூவணும். முட்டை இல்லை, பால் இல்லை. மேல வெண்ணெயைத் துண்டு துண்டா வெக்கணும். ஓவனுக்குள்ள தள்ளிட்டு வேற வேலையைப் பார்க்கணும். சோம்பேறிக்குன்னே எவனோ உக்காந்து யோசிச்சிருக்கான்.

மாவைத் தூவி முடிச்சதும் என் கை சும்மா இருக்கலை. காய்ஞ்ச மாவு அப்படி மேல கிடந்தா எனக்குப் பார்க்கவே பொறுக்கலை. கரண்டியை எடுத்து ஒரு மூலையில கிளறிட்டேன். அவ பாய்ஞ்சு வந்து என் கையைப் பிடிச்சா.

"கிளறக் கூடாதும்மா. கிளறினா களி மாதிரி ஆயிடும். ஜீரா கீழேருந்து ஏறும், வெண்ணெய் மேலேருந்து இறங்கும். அதுவே பார்த்துக்கும்."

"அதுவே பார்த்துக்குமா? அப்புறம் நாம எதுக்கு இங்க?"

"நாம வெண்ணெய் வெக்க."

நான் வெண்ணெயை வெட்டிக் குடுத்தேன். அவ நாக்கை ஓரமா நீட்டிக்கிட்டு ஒவ்வொரு துண்டா இடைவெளி பார்த்து வெச்சா. அந்த முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல இருந்தது. பகல் வேலை கிடைச்சா இதை தினமும் பார்க்கலாமேன்னு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஓவனை முடுக்கினேன். அது வழக்கம் போல உர்ருன்னு சத்தம் போட்டது.

"நம்ம வீட்டு ஓவன் இப்படிச் சத்தமே போடாது"ன்னா.

நான் தட்டை உள்ள வெச்சுட்டுத் திரும்பினேன். "எந்த வீட்டு ஓவன்?"

"அத்தை வீட்டுதும்மா." அவளுக்கு அதுல ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலை.

சுருக்குன்னு இருந்தது. ஆனா என்கிட்ட மருந்து இருந்ததே. அவளை மடியில இழுத்து உக்கார வெச்சு, விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்குப் பெரிய வேலை வரப்போகுது, பகல் வேலை, நாளைக்கு போர்டுல பேர் போட்டுடுவாங்க, இனிமே நீ இங்கேயே தூங்கலாம்னு.

"தினமுமா?"

"தினமும்."

அவ என் நைட்டி பட்டனைத் திருகிக்கிட்டே இருந்தா. "அத்தை தனியா இருப்பாங்களே"ன்னா.

"ஏன், மாமா இல்லையா?"

"மாமா சீக்கிரம் தூங்கிடுவாரு. நாங்கதான் கதை பேசிக்கிட்டிருப்போம்."

என்ன இரக்க குணம் என் பொண்ணுக்குன்னு நான் பூரிச்சுப் போனேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். கேக்கு வேகற வாசனை வீடு பூரா வந்தது. பழத்து ஜீரா ஓரமெல்லாம் பொங்கி, மேல பொன்னிறமா ஒரு ஓடு. ரெண்டு தட்டும் பிரமாதமா வந்தது, நான் கிளறின அந்த மூலை மட்டும்தான் களி.

மறுநாள் காலையில அவளை நாத்தனார் வீட்டு வாசல்ல விட்டேன், அங்கேருந்துதான் ஸ்கூல் வண்டி. ரெண்டு தட்டையும் தூக்கிக்கிட்டு சலவைக்கூடத்துக்குப் போனேன். தலைக்கு எண்ணெய் வெச்சுப் படிய வாரி, நல்ல புடவையா ஒண்ணு கட்டிக்கிட்டேன். டீ மேசை மேல தட்டை வெச்சுட்டு, எல்லாரும் என்னைப் பார்க்கறாங்களேன்னு கூச்சமா நின்னேன். போர்டுகிட்ட கூட்டம். நான் அவசரப்படலை. தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்கு முண்டியடிக்கணும்?

அப்ப குருவியைச் சுத்தி நின்னு எல்லாரும் கை தட்டினாங்க.

குருவின்னா, பகல் ஷிப்ட்ல அழுக்குத் துணி பிரிக்கற பொண்ணு. ஒல்லியா, துறுதுறுன்னு இருப்பா. அவ வேலைக்கு வந்த புதுசுல விரலைச் சுட்டுக்காம உருளைக்குள்ள துணி விடறது எப்படின்னு நான்தான் கத்துக் குடுத்தேன். கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போய் போர்டைப் பார்த்தேன். அவ பேருதான். கீழே வேற பேர் இருக்குமோன்னு தேடினேன். ஒண்ணும் இல்லை.

குருவி ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டா. எல்லாரும் கேட்கற மாதிரி சொன்னா, "பொருள் மட்டும்தான் நான் வாங்கினேன். பண்ணினது அக்காதான். எனக்கு சுடுதண்ணி வெக்கக்கூட வராது. யார்கிட்ட குடுக்கறதுன்னு முழிச்சேன், ஸ்டோர் அண்ணன்தான் அக்காகிட்ட நான் குடுத்துடறேன், அவங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதுன்னாரு."

மிளகாய் தலையிலயே மிளகாய் அரைச்சுட்டாங்க. ஸ்டோர்காரர் தூரத்துல டீ கிளாஸோட நின்னுக்கிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டறாரு, பாராட்டற மாதிரி. அந்த மனுஷனுக்கு ஒரு பாவமும் தெரியாது. யாரைத் திட்டறது? எனக்கு அழுகை வந்தது, அது வர்ற வழியிலயே கோபமா மாறிடுச்சு. கத்தியை எடுத்து கேக்கை வெட்ட ஆரம்பிச்சேன். வெட்டி வெட்டி ஒவ்வொருத்தர் தட்டுலயும் வெச்சேன். "அடடா, என்ன ருசி"ன்னு சொன்னவங்களுக்கெல்லாம் இன்னொரு துண்டு வெச்சேன். அந்தக் களி மூலையை மேனேஜருக்கு வெச்சேன். அவரு அதையும் நல்லா இருக்குன்னாரு.

கடைசியா குருவி தட்டை நீட்டினா. "அக்கா, என்னோட பகல் இடம் காலியாகுதுல்ல. முதல்ல உங்களைத்தான் அங்க போடப்போறேன். பாப்பாவை விட்டுட்டு ராத்திரி ராத்திரி எவ்வளவு கஷ்டப்படறீங்க. நாளையிலேருந்தே பகலுக்கு வாங்க."

எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க. நான் வளர்த்த பொண்ணு, நான் பண்ணின கேக்கைக் கையில வெச்சுக்கிட்டு, எனக்கு இரக்கம் காட்டறா.

"உன் பிச்சை எனக்கு வேண்டாம். எனக்கு ராத்திரிதான் வசதி"ன்னேன்.

குருவி முகம் சுண்டிப் போச்சு. இருந்தாலும் அவ மெதுவா, "யோசிச்சுச் சொல்லுங்கக்கா. புதன்கிழமை வரைக்கும் அந்த இடத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன்"னா. நான் தட்டைக் கழுவக்கூட இல்லை, அப்படியே பையில திணிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில உக்காந்து நல்லா அழுதேன். அழுது முடிச்சதும் புத்தி வந்தது. அடி பைத்தியக்காரி, நீ கேட்டது சூபர்வைசர் நாற்காலியா, பகல் ஷிப்ட்டா? பகல் ஷிப்ட்டைத்தானே அவ தட்டுல வெச்சு நீட்டினா, நீ தட்டி விட்டுட்டு வந்து உக்காந்திருக்கே. மானம் ரோஷமெல்லாம் எனக்குச் சோறா போடப்போகுது? என் பொண்ணுக்காக அந்தக் குருவி காலுல கூட விழலாம். இன்னைக்கு வேலைக்குப் போறப்ப கொஞ்சம் முன்னாடியே போய், குருவி கிளம்பறதுக்குள்ள பிடிச்சு, தப்பா பேசிட்டேம்மான்னு சொல்லிடறதுன்னு முடிவு பண்ணினேன். முகத்தைக் கழுவிக்கிட்டு ஸ்கூலுக்குப் போனேன். பொண்ணுகிட்ட சொல்ல வேண்டியதை வழி பூரா சொல்லிப் பார்த்துக்கிட்டேன். பெரிய வேலை கிடைக்கலை கண்ணு, ஆனா பகல் வேலை கிடைச்சிருக்கு.

கேட்ல என்னைப் பார்த்ததும் அவ நின்னா. வழக்கமா ஓடி வர்றவ, மெதுவா நடந்து வந்தா.

"பேர் போட்டாங்களாம்மா?"

"போட்டாங்க கண்ணு. என் பேர் இல்லை."

அடுத்த வாக்கியத்துக்கு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவ முகம் மலர்ந்துடுச்சு. விளக்குப் போட்ட மாதிரி. "அப்ப நான் அத்தை வீட்டுலயே தூங்கலாமா?"

கேட்டு முடிச்சதும்தான் அவளுக்கே உறைச்சது. சட்டுன்னு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டா. என் கையை எடுத்து ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "பாவம்மா நீ. அடுத்த தடவை கண்டிப்பா உனக்குத்தான்"னா. நல்ல பொண்ணு. நல்லாத்தான் வளர்த்திருக்காங்க. ஆனா சந்தோஷத்தை ஒளிச்சு வெக்கற சாமர்த்தியம் அவளுக்கு இன்னும் வரலை. வாய்தான் எனக்கு ஆறுதல் சொல்லுது, காலு ரெண்டும் குதிச்சுக் குதிச்சு நடக்குது.

"தூங்கலாமாம்மா?" திரும்பவும் கேட்டா.

"தூங்கலாம்"னேன்.

நாத்தனார் வீட்டுத் தெரு திரும்பினதும் என் கையை விட்டுட்டு ஓடினா. கதவு திறக்கற சத்தம் கேட்டது, அவ "அத்தை, நான் இங்கேதான்"னு கத்தறதும் கேட்டது. நாத்தனார் வாசலுக்கு வந்து, உள்ள வந்து டீ குடிச்சுட்டுப் போங்கண்ணின்னு கூப்பிட்டா. வேலைக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு, ஸ்கூல் பையை அவ கையில குடுத்தேன்.

புதன்கிழமை குருவி திரும்ப வந்து கேட்டா. பிள்ளைக்குட்டி இருக்கறவங்க யாருக்காவது குடுத்துடும்மான்னு சொல்லிட்டேன்.