கோபித்துக்கொண்டு போன அண்ணன் தம்பி

மழலையர் வகுப்பு டீச்சர் கதை சொன்னால் அழுகிற பிள்ளையும் வாய் மூடிக் கேட்கும் என்று தலைமையாசிரியை போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். டீச்சருக்கும் அது தெரியும். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. உடம்பைப் பற்றிய பாடம் என்றால் அவள் புத்தகத்தைத் தொடவே மாட்டாள். தானே தைத்த ஏப்ரனை மாட்டிக்கொண்டு வருவாள். இதயம், நுரையீரல், இரைப்பை என்று துணியில் செய்த உறுப்புகளை அதில் ஒட்டலாம், பிய்க்கலாம். இரைப்பைதான் சமையற்காரம்மா. இதயம் லீவே போடாத மோட்டார்காரர். முதுகுப் பக்கம் இருக்கும் இரண்டு சிறுநீரகங்களும் அண்ணன் தம்பி. ரத்தத்தில் சேரும் அழுக்கை வடிகட்டி வெளியே அனுப்புவது அவர்கள் வேலை.

அதுவரைக்கும் கதை சரிதான். வம்பு தண்ணீரால் வந்தது. இருபத்திரண்டு குழந்தைகளும் பாட்டிலைக் கொண்டுவந்தபடியே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள். சொல்லிச் சொல்லி டீச்சருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு நாள் பொறுமை இழந்து, அண்ணன் தம்பியை ஏப்ரனிலிருந்து பிய்த்துத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"தண்ணி குடிக்காதவங்ககிட்ட இவங்க கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. நிறைய தண்ணி குடிச்சு சமாதானம் பண்ணினாத்தான் திரும்பி வருவாங்க."

அவ்வளவுதான், கடகடவென்று பாட்டில்கள் காலியாயின. கழிப்பறை வாசலில் வரிசை நின்றது. பெற்றோர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். அந்த வாரம் முழுக்க டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் சுண்டு நான்கு நாள் வரவில்லை. வகுப்பிலேயே பொடிசு என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கதை நேரத்தில் முன்வரிசையில் வாய் பிளந்து உட்கார்ந்திருப்பவள். ஐந்தாம் நாள் அவள் வந்தாள். அன்று மாலை எல்லாரும் போனபின், அவள் அப்பா வகுப்பு வாசலில் தயங்கி நின்றார். பஸ் டிரைவராக இருந்தவர். இடது கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, முகம் வீங்கியிருந்தது. குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார், முழங்கால் நெஞ்சை இடித்தது. சுண்டு வெளியே சறுக்குமரத்தில் இருந்தாள்.

"உங்களைக் குறை சொல்ல வரல டீச்சர். பாப்பா உங்க கதைன்னா உயிரை விடுறா. எனக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு மூணு தடவை ஆஸ்பத்திரி மெஷின்தான் ரத்தத்தை சுத்தம் பண்ணுது. சேர்க்கும்போதே இவ அம்மா உங்ககிட்ட சொன்னாளாமே."

சொல்லியிருந்தார். டீச்சர் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருந்தாள். இப்போது அது நினைவுக்கு வந்து காது மடல் சுட்டது.

"எனக்கு தண்ணி அளவாத்தான். கூடக் குடிச்சா வெளியே போகாது, உடம்புலயே தங்கிடும். பாப்பா ஸ்கூல் விடும்போது பாட்டிலை நிரப்பிக்கிட்டு வந்து நீட்டுவா. நீ குடிச்சிடுப்பா, அண்ணன் தம்பி திரும்பி வந்துடுவாங்கன்னு பக்கத்துலயே நிப்பா. அவ மொகத்தைப் பாத்து மாட்டேன்னு சொல்ல வாய் வரல. நாலு நாள் குடிச்சேன். மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியதாப் போச்சு."

சுண்டுவுக்குக் குழாய் எட்டாது. அந்தப் பாட்டிலைத் தினமும் நிரப்பிக் கொடுத்தவள் டீச்சர்தான். சமத்து என்று கன்னத்தைக்கூடத் தட்டியிருந்தாள்.

"டீச்சர் சொன்னது தப்புன்னு அவகிட்ட சொல்லியிருக்கலாமே சார்?" என்று டீச்சர் கேட்டாள்.

"எப்படி டீச்சர்? அப்புறம் உங்க பேச்சை எப்படிக் கேப்பா? அவங்க போற அளவுக்கு நீ என்னப்பா பண்ணினேன்னு கேட்டா. பஸ் ஓட்டுறப்ப தண்ணியே குடிக்கலம்மா, என் தப்புதான்னு ஒத்துக்கிட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. நோயைச் சுமக்கிற மனிதர் டீச்சரின் மரியாதையைக் காப்பாற்றப் பழியையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார். டீச்சருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குத் தண்ணி வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பா" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

மறுநாள் டீச்சர் ஒரு கடிதத்தோடு வந்தாள். அண்ணன் தம்பி எழுதியதாம். கோபம் தீர்ந்துவிட்டது, இனி அப்பாவுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று அதில் இருந்தது. பொய்யை இன்னொரு பொய்யால் மூடித் தப்பித்துவிடும் யோசனை. அவள் முதல் வரியைப் படித்ததுமே சுண்டு எழுந்து நின்றாள்.

"எங்கப்பா மேல இருந்த கோவம் போயிடுச்சா டீச்சர்?"

டீச்சர் அதற்கு மேல் படிக்கவில்லை. தாளை மடித்தாள்.

"கோவமே கிடையாது சுண்டு. அவங்க எங்கயும் போகல, அவங்களுக்கு உடம்பு முடியல. உங்கப்பா ஒரு தப்பும் பண்ணல. கோவிச்சுக்கிட்டுப் போவாங்கன்னு டீச்சர் சொன்னது பொய். உங்களைத் தண்ணி குடிக்க வைக்கிறதுக்காகச் சொன்னேன். நீங்கல்லாம் குடிக்கணும். உங்கப்பா டாக்டர் சொன்ன அளவுதான் குடிக்கணும்."

"டீச்சர் பொய் சொல்லுவாங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சொன்னேன். தப்புதான்."

சுண்டு இன்னும் உட்காரவில்லை. "ஆஸ்பத்திரியில எங்கப்பாவை முதுகைத் தொட்டு அண்ணன் தம்பிகிட்ட சாரி கேக்கச் சொன்னேன். தினமும் கேட்டாரு."



மாலையில் வாசலில் பெற்றோர் கூட்டம். சுண்டு டீச்சரின் விரலைப் பிடித்து அத்தனை பேருக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு போய் அப்பாவின் முன்னால் நிறுத்தினாள். டீச்சரைக் கண்டதும் அவர் மரியாதையாகச் சுவரோரத் திண்டிலிருந்து எழுந்தார்.

"உட்காருங்க சார். நான்தான் தப்பு பண்ணினேன். சாரி."

"ஐயோ, என்ன டீச்சர் இது, விடுங்க" என்று அவர் பதறினார்.

சுண்டு விடவில்லை. நாலு விரலை நீட்டி, ஒன்றை மடக்கினாள். "அப்பா நாலு தடவை கேட்டாரு. இன்னும் மூணு இருக்கு டீச்சர்."

அவர் மகளை அதட்டப் போனார். டீச்சர் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, இரண்டாவது சாரியைச் சொன்னாள்.