பாலத்தில் தூக்கிய இரண்டு விரல்

...ஆக, கை காட்டுவதா வேண்டாமா என்பதை எதிரில் வருகிற ஆளின் முகம் தெரிவதற்குள் முடிவு செய்தாக வேண்டும், அதுதான் இதிலிருக்கிற சங்கடம், நடந்து போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, கடைக்கண்ணால் அளந்துகொள்ளலாம், தெரியாதவர் என்றால் செருப்பைப் பார்த்தபடி போய்விடலாம், சைக்கிளில் அந்தப் பாச்சா எல்லாம் பலிக்காது, இரண்டு பேரும் மிதிக்க மிதிக்க நெருங்கிக்கொண்டே இருப்பார்கள், ஆள் தெரிகிற நேரத்தில் ஆள் முதுகுக்குப் பின்னால் போயிருப்பார்... அவள் ஆற்றங்கரைச் சாலையில் பனிக்குள் மிதித்துக்கொண்டிருந்தாள். பனி என்றால் அப்படியொரு பனி. தன் கையுறை தெரிந்தது, முன் சக்கரம் தெரிந்தது, அதற்கு மேல் உலகம் இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. பழுதுபார்க்கிறோம் என்று பாலத்தில் பேருந்தை நிறுத்தியதிலிருந்து இந்தச் சாலை சைக்கிள்காரர்களுக்கே எழுதிவைத்த மாதிரி ஆகிவிட்டது. யார் ஆரம்பித்துவைத்தார்களோ, எதிரெதிரே வருகிறவர்கள் ஹேண்டில்பாரை விடாமல் இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டிக்கொள்வது என்று ஒரு வழக்கமும் முளைத்துவிட்டது. முதல் நாள் யாரோ அப்படிக் காட்டியபோது அவள் நிலைதடுமாறி வேலியில் இடிக்கப் பார்த்தாள், அன்று இரவே கணவனிடம் சொன்னாள், அவன் செய்தியைப் பார்த்துக்கொண்டே, "பஸ்ல போறவங்கல்லாம் எதிர்ல வர்ற பஸ்ஸுக்குக் கை காட்டுறாங்களா? சைக்கிள்காரங்களுக்கு மட்டும் என்ன அப்படி ஒரு சொந்தம்?" என்று கேட்டான். அதை மறுநாள் கண்ணாடிக் கடையில், லென்ஸைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டே முதலாளியம்மாவிடம் ஒப்பித்தாள், முதலாளியம்மா ஒரு கண்ணை மூடி லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பயணிங்க காட்ட மாட்டாங்க, டிரைவருங்க காட்டிக்குவாங்களே, உன் வீட்டுக்காரருக்கு அது தெரியாதா?" என்றார். அன்றைக்கு அந்த வழக்கு அப்படித் தீர்ந்தது. ஓட்டுகிறவர்களுக்குத்தான் அது, சும்மா உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இல்லை... அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது, தன்னைத் தானே ஓட்டிக்கொண்டு போகிறவள் என்று வாழ்க்கையில் யார் அவளைச் சொல்லியிருக்கிறார்கள்?

பனியில் ஒரு மணி இரண்டு முறை கிணுகிணுத்தது, பாட்டு வாத்தியார், முதுகில் வாத்தியப் பெட்டி, அவர் விரலும் காட்டுவார், மணியும் அடிப்பார், தலையையும் தாழ்த்துவார், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்து ஒரு நாள் ஆற்றில் விழப்போகிறார், அவள் இரண்டு விரலைத் தூக்கினாள், அவர் கரைந்து போனார். அடுத்தது அந்தப் பந்தயக்காரன், உடம்போடு ஒட்டின உடுப்பு, குனிந்த முதுகு, மோவாயை மட்டும் ஓர் அரிசி அளவு அசைப்பான், கழுத்து தேய்ந்துவிடும் என்று பயம் போலிருக்கிறது. வணங்காமல் போகிறவர்களும் உண்டு, அதற்காகக் கோபித்துக்கொள்ள முடியுமா, தூக்கத்தில் வருவார்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருவார்கள், பதில் விரல் கிடைக்காமல் தன் விரலை மடக்கிக்கொள்ளும்போது மட்டும் சற்று அவமானமாக இருக்கும், கடையில் மிச்சம் வாங்காமல் வந்துவிட்ட மாதிரி... அப்புறம் பாலத்தின் நடுவில் வருகிற அந்த ஆள். கேரியரில் கருவிப் பை, தலைக்கவசம், கம்பளிச் சட்டை. ரொம்ப நாள் அவளும் அவருக்கு விரல் தூக்கினாள், அவரும் தூக்கினார், எந்த வம்பும் இல்லை. ஒரு நாள் வெயில் கொஞ்சம் சீக்கிரம் வந்தது, அந்த ஆளின் முழங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கம் பார்த்து விரிந்திருந்ததைக் கண்டாள், மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் இன்னும் விரிந்தன. 'முட்டிய ஒடுக்கி ஓட்டுடா, கார்க் கதவு ரெண்டும் திறந்திருக்கு பாரு' என்று அப்பாவின் குரல் அவள் காதுக்குள் சிரித்தது. அண்ணன். லிஃப்ட் பழுதுபார்க்கிற அண்ணன், பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வேலைக்கு வருகிறான், மூன்று வருஷமாக அவளோடு முகம் கொடுத்துப் பேசாத அண்ணன், இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறான்!

யாருக்குக் காட்டினான்? அதுதான் கேள்வி, அன்றிலிருந்து அவள் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. அவளுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருப்பாள், மேலே பெரிய கறுப்புக் கண்ணாடி, தலையில் கவசம், பெற்ற தாயே எழுந்து வந்தாலும் அடையாளம் தெரியாது. ஆக அவன் காட்டியது சைக்கிளுக்கு. சைக்கிளில் வருகிற யாரோ ஒரு பெண்ணுக்கு. அதை வாங்கி அவள் மடியில் கட்டிக்கொண்டு வருகிறாள், திருட்டுச் சொத்து மாதிரி, மறுநாளும் போய் வாங்குகிறாள்... இல்லை, தெரிந்துதான் காட்டுகிறானா? அவளுக்கு அவன் முழங்கால் தெரிந்தால் அவனுக்கு அவளுடைய ஏதோ ஒன்று தெரியாதா, அவள் எப்படி ஓட்டுகிறாள் என்று அவளுக்கே தெரியாதே. தெரிந்து காட்டுகிறான் என்றால் மூன்று வருஷம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். தெரியாமல் காட்டுகிறான் என்றால், முகத்தைத் திறந்துகொண்டு போகிற அன்று அந்தக் கை இறங்கிவிடும். அந்த மருத்துவமனைத் தாழ்வாரம், பச்சைச் சுவர், சித்தப்பா, அத்தை, எல்லாரும் நின்றிருந்தார்கள், அண்ணன் அவளைப் பார்க்கக்கூட இல்லை, சுவரைப் பார்த்துச் சொன்னான், "உன்ன நம்பி விட்டுட்டுப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும்." அவ்வளவுதான். வெளியூரில் ஒரு பெரிய கட்டிட வேலை என்று அப்பாவை அவளிடம் ஒரு வாரம் விட்டிருந்தான், தூறல் போட்டது, மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, அவள் ஏறிப்போய் எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் அப்பா குளியலறையில் விழுந்திருந்தார், அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. துணி நனைந்தால் நனைந்துவிட்டுப் போகட்டும் என்று எத்தனை ராத்திரி சொல்லிப் பார்த்துவிட்டாள், துணி கேட்கவா போகிறது? ஆனால் அவன் சொன்னதும் நியாயமில்லை, சத்தியமாக நியாயமில்லை, அவன் வீட்டிலிருந்திருந்தால் அப்பா விழுந்திருக்க மாட்டாரா, அவர் அவளுக்கும் அப்பாதானே...

தலைக்கவசத்தின் விளிம்பில் பனி சொட்டாகத் திரண்டு மூக்கை மூடிய துணியில் விழுந்தது. ஆறு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, சத்தம் மட்டும் எங்கோ கீழே, யாரோ தூக்கத்தில் பேசுகிற மாதிரி. அவள் மிதிக்கிறாளா, சாலைதான் அவளுக்கு அடியில் நகர்ந்து போகிறதா... இப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை, கடையும் வேண்டாம், முடிவும் வேண்டாம். ஆனால் நேற்றுப் பாலத்தின் முகப்பில் பலகை மாட்டிவிட்டார்கள், நாளையிலிருந்து பேருந்து ஓடும். பேருந்து வந்துவிட்டால் பாதிப் பேர் பழையபடி ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டு போவார்கள், அவளும்தான், கணவன் இப்போதே சொல்லிவிட்டான், "இந்தக் குளிர்ல இனிமே என்ன வேண்டுதலா?" என்று. அப்புறம் விரலும் இல்லை, அண்ணனும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவள் பிறந்த வீட்டில் யாரும் யாருக்கும் வணக்கம் சொன்னதே கிடையாது. அண்ணன் வேலையிலிருந்து வந்தால், "ஜன்னல யார் தொறந்து வெச்சது?" என்பான், அதற்கு அவன் வந்துவிட்டான் என்று அர்த்தம், அவள் போய்ச் சோறு எடுத்துவைப்பாள். வீட்டு மனுஷர்களுக்குள் வணக்கம் எதற்கு, அது அடுத்தவர்களுக்கு. அப்படியானால் இத்தனை நாள் அந்த விரலுக்கு அவள் பூரித்துப் போனது...? பாலத்தின் ஏற்றம் தொடையில் தெரிந்தது. துணியைக் கழுத்துக்கு இறக்கினாள், கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள், கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிக் கவசத்தின் மேல் வைத்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. காட்டட்டும், காட்டாமல் போகட்டும், எதுவானாலும் இந்த முகத்துக்கு நடக்கட்டும்.

முதலில் விளக்கு, மஞ்சளாக, கரைந்து கரைந்து. பிறகு முழங்கால்கள். அவள் கையைத் தயாராக வைத்திருந்தாள், தான் தூக்குவதா அவன் தூக்கிய பிறகா என்று அந்தக் கடைசி நொடியிலும் ஒரு கணக்கு, சின்னவள்தானே முதலில் தூக்க வேண்டும், இல்லை, அந்த வார்த்தையைச் சொன்னவன்தானே, சொன்னவன்தானே முதலில்... அவன் முகம் பனியிலிருந்து வெளியே வந்தது. தாடியில் நரை, கன்னம் ஒட்டியிருந்தது, அப்பாவின் கன்னம். அவன் அவளைப் பார்த்தான். பார்த்தான், அதில் சந்தேகமே இல்லை. அவன் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தன, ஒரு விரல்கூட எழவில்லை. எதிரில் வருகிற எவருக்கும் எழுகிற விரல், முன்பின் தெரியாதவனுக்குக்கூட எழுகிற விரல். அவன் தாண்டிப் போனான். அவள் கை பாதி எழுந்த இடத்திலேயே நின்றது, அதை என்ன செய்வது என்று தெரியாமல் நெற்றி முடியை ஒதுக்கினாள். சரி. தெரிந்துவிட்டது. முகமில்லாதவளுக்குத்தான் கொடுத்திருக்கிறான். மிதித்தாள், வேகமாக மிதித்தாள், அப்போது பின்னாலிருந்து, பனியைக் கிழித்துக்கொண்டு, எரிச்சலான ஒரு கத்தல், "பின் டயர்ல காத்து இல்ல!"

"சரி!" என்று அவள் கத்தினாள். யோசித்துக் கத்தவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது. அதற்குள் இறக்கம் வந்துவிட்டது, சைக்கிள் தானே உருண்டது, பாலம் முடிந்தது, கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வெளிப்பட்டன. காற்று இல்லையா, அதனால்தான் இன்று ஏற்றத்தில் தொடை வலித்ததா, யாருடைய டயரில் காற்று இல்லையென்றாலும் அவன் இப்படித்தான் கத்துவானா, பொருட்கள் பழுதாயிருந்தால் அவனுக்குப் பொறுக்காது, லிஃப்ட்காரனில்லையா... கண்ணாடிக் கடை வாசலில் முதலாளியம்மா கதவை மேலே தூக்கிக்கொண்டிருந்தார். அவள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து, கையுறையில்லாத கட்டைவிரலால் பின் டயரை அழுத்தினாள். கல் மாதிரி இருந்தது. சக்கரத்தைச் சுழற்றி வேறொரு இடத்தில் அழுத்தினாள். அங்கும் கல்.

"என்னம்மா, பஞ்சரா?" என்றார் முதலாளியம்மா.

"இல்ல... காத்து இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றாள், எழுந்திருக்காமல். முதலாளியம்மா உள்ளே போய் விளக்குகளைப் போட்டார், சட்டங்களெல்லாம் அலமாரியில் மின்னின. எதிரில் வருகிறவனுக்குப் பின் டயர் எப்படித் தெரியும்? தாண்டிப் போன பிறகு திரும்பினால்தான் தெரியும், திரும்பினாலும் அந்தப் பனியில் காற்று இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும், ஓட்டிக்கொண்டே திரும்பினானா, காலை ஊன்றி நின்றுவிட்டானா, அவள் 'சரி' என்றது கேட்டதா, கேட்ட பிறகும் நின்றானா, பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றான்... அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. அவள்தான் திரும்பிப் பார்க்கவில்லை.