இரு தரப்பும் என்று நான் எழுதினேன்

சமாதானக் கூட்டத்தை ஊர்த்தலைவர் ஹாஜி மன்சூர் வீட்டில் வைத்தார்கள். எங்கள் வீட்டில் வைக்க முடியாது. மாடி எரிந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. உட்கார ஒரு நாற்காலி மிச்சமில்லை.

எங்கள் ஊரில் கிறிஸ்தவர்கள் நாற்பது குடும்பம். சர்ச் கிடையாது. கட்ட அனுமதி கேட்டுப் போட்ட மனு மாகாணத் தலைநகர் மின்யாவில் ஒன்பது வருஷமாகக் கிடக்கிறது. அதனால் வெள்ளிக்கிழமை காலையில் பாதர் யோஸ்தோஸ் பக்கத்து ஊரிலிருந்து வந்து எங்கள் மாடியறையில் பூசை வைப்பார். மாடியைச் சர்ச் ஆக்கப்போகிறார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் கூட்டமாக வந்து கொளுத்திவிட்டுப் போனார்கள்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான், அதுவும் சட்டம். புகாரை நானே எழுதினேன். எனக்கு அடையாளம் தெரிந்த நாலு பேரின் பெயரைப் போட்டேன். கீழே தமியானா வஹீப் என்று என் பெயரைப் பெரிதாகப் போட்டேன். போலீஸ் அந்த நாலு பேரையும் பிடித்தது. கூடவே என் தம்பி ரோமானியையும் பிடித்தது. அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு தீயை அணைக்க ஓடியவன்.

"ரெண்டு பக்கமும் ஆளு உள்ள இருந்தாத்தான்மா சமாதானம் சீக்கிரம் வரும்" என்றார் போலீஸ் அதிகாரி. அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை.

அன்றைக்குத் தன் மாடியிலிருந்து எங்கள் தீ மேல் தண்ணீர் ஊற்றியவள் பக்கத்து வீட்டு உம்மு ஸப்ரி. தொழுகை தவறாதவள். அம்மா இறந்த பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவளும் அவள்தான். சாட்சி சொல்ல வாங்க என்று போய் நின்றேன். வாசற்படியைத் தாண்டி அவள் வரவில்லை.

"சொல்லலாம்டி. சொல்லிட்டு அப்புறம் நான் எந்த ஊர்ல குடியிருக்க?"

கூட்டத்தன்று காலை ஒரு காரியம் செய்தேன். கையெழுத்துக்குப் பதிலாக அப்பா ஒரு பித்தளை முத்திரை வைத்திருக்கிறார். கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. அவர் பெயரைச் செதுக்கியது. அவர் முகம் கழுவப் போன நேரத்தில் அங்கிப் பையிலிருந்து அதை எடுத்து என் காலுறைக்குள் போட்டுக்கொண்டேன். முத்திரை இல்லாமல் எப்படிச் சமாதானம் எழுதுகிறார்கள், பார்க்கலாம் என்று.

அந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் பெண்களைக் கூப்பிடும் வழக்கம் இல்லை. என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

டீ வந்தது. ஊர்க் கணக்குப்பிள்ளை தாளைப் பிரித்து வாசித்தார். "அண்டை வீட்டாருக்குள் ஏற்பட்ட மனஸ்தாபத்தால் இரு தரப்பும் கைகலந்து, இரு தரப்புக்கும் சேதம் உண்டாகி..."

"இரு தரப்பும்னா? எங்க வீட்ல பாதிய நாங்களே எரிச்சமா?"

எவனோ சிரித்துவிட்டான். ஹாஜி மன்சூரும் சிரித்தார். "வாயி இருக்குதே உம் பொண்ணுக்கு! கட்டிக்கப்போறவன் பாவம், வஹீபு."

"சின்னப் புள்ள ஹாஜியாரே, மன்னிச்சிருங்க" என்றார் அப்பா. எனக்கு இருபத்தாறு வயது.

கணக்குப்பிள்ளை தொடர்ந்தார். புகார் வாபஸ். உள்ளே இருக்கும் ஐந்து பேரும் இன்றைக்கே வீட்டுக்கு. வஹீப் வீட்டில் இனிமேல் யாரும் ஜெபத்துக்குச் சேரக் கூடாது.

"எரிஞ்ச மாடி?" என்றேன்.

"அதையெல்லாம் பெருந்தன்மையா விட்டுடணும்மா" என்றார் ஹாஜி மன்சூர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாதர் என் பக்கம் குனிந்தார். "ஒத்துக்கம்மா தமியானா. அடுத்து நாப்பது வீட்டுக்கும் வந்தாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"நம்ம மனு என்னாச்சு பாதர்?"

"மனு இருக்கு."

"எங்க இருக்கு?"

"இருக்கும்மா" என்றார். டீயைப் பார்த்துக்கொண்டு.

அப்பா பையைத் துழாவினார். மற்றப் பையையும் துழாவினார். எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள். அவருக்கு வியர்த்தது.

"தேடாதீங்கப்பா. எங்கிட்ட இருக்கு. குடுக்க மாட்டேன்."

ஹாஜி மன்சூருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"நீயே வச்சுக்கம்மா. உங்கப்பன் முத்திரை யாருக்கு வேணும்? புகார் குடுத்தவ நீ. நீதான் வாபஸ் வாங்கணும்."

கூட்டத்துக்கு வந்திருந்த போலீஸ் அதிகாரி புகாரின் நகலை மேஜையில் வைத்தார். என் பெயர், பெரிதாக.

"போடலன்னா?"

"உன்னய யாரு அடிக்கப்போறா? ரோமானிய நாளைக்குப் பெரிய ஜெயிலுக்கு மாத்திடுவாங்க. ஆயுதத்தோட நின்னான்னு கேசு" என்றார் ஹாஜி மன்சூர்.

"அவன் கையில இருந்தது வாளி."

"அத கோர்ட்ல சொல்லு. சட்டம் படிச்ச புள்ளதானே. ரெண்டு மூணு வருஷத்துல முடிஞ்சிடும்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரை விரிப்பின் ஓரத்தைப் பார்த்து, "கண்ணு, புள்ள உள்ள இருக்கான்" என்றார்.

பேனாவை வாங்கினேன். அதற்குள் அதிகாரி சமாதானத் தாளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். "என்னய்யா, ஒரே அடித்தல் திருத்தலா இருக்கு? இத மேல அனுப்ப முடியாது. அந்தப் பொண்ணே சுத்தமா எழுதட்டும். படிச்சவதானே."

எழுதினேன். முதல் வரியிலிருந்து. இரு தரப்பும் என்று எழுதினேன். மனஸ்தாபம் என்று எழுதினேன். மணிக்கட்டில் நான்கு வயதில் பச்சை குத்திய சிலுவை ஒவ்வொரு வரியாகத் தாளின் மேல் ஊர்ந்து போனது. கடைசியில் கையெழுத்துப் போட்டேன். ஹாஜி மன்சூர் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்து, "எழுத்து முத்து மாதிரி இருக்கு" என்றார். மாடியில் தீ வைத்த ஒருவனின் அப்பன் எழுந்து வந்து என் அப்பாவின் தலையில் முத்தமிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து முத்திரையைக் கொடுத்தேன். அப்பா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். என் கணுக்காலில் அவர் பெயர் தலைகீழாகப் பதிந்திருந்தது.

சாயங்காலம் ஐந்து பேரையும் ஒரே வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். நாலு பேருக்கும் குலவை போட்டார்கள். ரோமானி கடைசியாக இறங்கினான். முன்பல் ஒன்று இல்லை. கட்டிப்பிடிக்கப் போன என் கையைத் தள்ளினான்.

"நீ போட்டியாக்கா?"

"ம்."

"தெனமும் வந்து சொன்னாங்க, உங்கக்கா கையெழுத்துப் போட்டா விட்டுடுவோம்னு. அடிக்கிறப்பவும் சொன்னாங்க. எங்கக்கா போட மாட்டான்னேன். அவளப் பத்தி உங்களுக்குத் தெரியாதுன்னேன்."

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். உம்மு ஸப்ரி துணியில் சுற்றி ரொட்டி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். சுடச்சுட இருந்தது. யாரும் தொடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு வீட்டைக் கொளுத்தினார்கள். அங்கேயும் பூசை நடந்ததாம். பாதர் யோஸ்தோஸ் போன் செய்தார். சமாதானத் தாள் எழுத வேண்டும், அந்த ஊர்த்தலைவர் என்னைத்தான் கேட்கிறார், என் எழுத்துத் தெளிவாக இருக்கிறதாம்.

"வர மாட்டேன் பாதர்."

"அந்த வீட்டுப் பையனையும் பிடிச்சு வச்சிருக்காங்கம்மா. பத்தொம்பது வயசு."

பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை எனக்கு யாரும் வாசித்துக்காட்ட வேண்டியிருக்கவில்லை.