அஞ்சுன்னு சொல்லு

சுழற்காற்று அடித்துப் போட்ட பிளம் க்ரீக்கில் அன்றைக்கு எல்லார் வாயிலும் ஒரே எண்தான். பெட்ரோல் பங்க்கில் அஞ்சு, சர்ச் வாசலில் அஞ்சு, இடிபாட்டுக்குள் குனிந்து ஃபோட்டோ பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் வாயிலும் அஞ்சு. முந்தின நாள் டி.வி.க்காரன் ஒருவன் ஹெலிகாப்டரில் மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டு, "பார்த்தால் ஐந்து மாதிரிதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கென்ன, வாய் இருக்கிறது, பேசுகிறான். கீழே நடந்து பார்த்துச் சொல்ல வேண்டியது லவோனா.

வானிலை அலுவலகத்தில் லவோனா ப்ரூயிட்டின் வேலையே அதுதான். சுழற்காற்று போன தடத்தில் போய் நிற்பாள். காற்று என்ன வேகத்தில் அடித்தது என்று யாரும் அளப்பதில்லை, அளக்கவும் முடியாது. அது எதை உடைத்தது, உடைந்தது எவ்வளவு உறுதியாக நின்றிருந்தது என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரைக்கும் ஒரு எண் கொடுப்பார்கள்.

ஊர்க்காரர்கள் ஐந்துக்குத் தவம் கிடப்பதைப் பார்த்து அவளுக்கு எத்தனையோ தடவை எரிச்சல் வந்திருக்கிறது. பரிசா கொடுக்கிறார்கள்? ஒருமுறை ஒரு விதவை, "என் புருஷன் சாவு வெறும் ரெண்டுதானா?" என்று அவள் சட்டையைப் பிடித்தாள். பைத்தியக்காரத்தனம் என்று அன்றைக்கு நினைத்தாள். இன்றைக்குப் புரிந்தது. ஐந்து என்றால் எந்த வீடும் நின்றிருக்காது, யார் மேலும் பழியில்லை. ஐந்துக்குக் கீழே இறங்க இறங்க, கேள்வி வானத்தை விட்டு மனுஷன் பக்கம் திரும்பும்.

இந்தத் தடத்தில் செத்தது ஒரே ஒரு ஆள். டார்சி. லவோனாவின் அண்ணன் டாயலின் ஒரே மகள்.

"நீ போகாதே, வேற ஆளை அனுப்பறேன்" என்று மேலதிகாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வேற ஆள் வந்து எங்கண்ணன் முகத்தைப் பார்த்து நம்பர் சொல்லிட்டுக் காரேறிப் போயிடுவான். நானே போறேன்" என்று கிளம்பிவிட்டாள். கையெழுத்துப் போடுவது மட்டும் எமரி என்று பேச்சு. எமரி, அவளோடு பல வருஷம் தடம் நடந்த என்ஜினியர். அதிகம் பேச மாட்டார்.

டார்சியின் வீடு இருந்த இடத்தில் கான்கிரீட் தளம் மட்டும் கிடந்தது. துடைத்துவிட்டது போல் சுத்தம். சுவர், கூரை, குளியல் தொட்டி எல்லாம் பின்னால் வயலில் ஒரே குவியல். அந்தத் தொட்டிக்குள்தான், காற்று வந்த நேரத்தில் மேலே மெத்தையைப் போட்டுக்கொண்டு, டார்சி படுத்திருந்தாள். புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வெளியூர் போயிருந்தான்.

ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் ஐந்துதான். கீழே நின்று பார்த்தால் கணக்கு ஒத்துவரவில்லை. படிக்குப் பக்கத்தில் டார்சி வைத்த ரோஜாச் செடி நின்றுகொண்டிருந்தது. இலை கொஞ்சம் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். தபால் பெட்டி சாயக்கூட இல்லை. ஐந்து அடித்த இடத்தில் மரத்துக்குப் பட்டையே மிஞ்சாது, புல்கூட வேரோடு போய்விடும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வீடு. அதன் மேலும் இதே காற்றுதான் ஏறிப் போனது. கூரையைக் காணோம், ஜன்னலைக் காணோம். ஆனால் உள்சுவரெல்லாம் நின்றது. அதில் இருந்த கிழவனும் கிழவியும் துணி அலமாரிக்குள்ளிருந்து தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்களாம். டாயலுக்கு வீடு கட்டுவதுதான் தொழில்; டார்சியின் வீட்டைப் போல அந்த வீட்டையும் கட்டியது அவர்தான்.

எமரி தளத்தின் ஓரத்தில் மண்டியிட்டார். அங்கே கான்கிரீட்டிலிருந்து வரிசையாகப் போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. சுவரின் அடிக்கட்டையை அந்தப் போல்ட்டுகளில் நுழைத்து, வாஷர் போட்டு, நட்டு போட்டு முறுக்கினால்தான் வீடு தளத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்படி முறுக்கிய வீட்டைக் காற்று பிய்த்தால் போல்ட்டு வளையும், மரம் கிழிந்து அதிலேயே தொங்கும்.

இங்கே ஒரு போல்ட்டும் வளையவில்லை. மரை புத்தம் புதுசாக மின்னியது. எமரி விரலை வைத்து ஒன்றைத் தடவினார். அடுத்ததைத் தடவினார். நாலு பக்கமும் சுற்றி வந்தார்.

"நட்டே போடலை, லவோனா."

"தெரியுது."

"ஒண்ணுல கூட இல்லை."

"தெரியுதுன்னேனே! எத்தனை தடவை சொல்வீங்க?" என்று சீறினாள். பிறகு, "மன்னிச்சுக்குங்க" என்றாள். எமரி கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் டாயலின் பிக்கப் வண்டி வந்து நின்றது. மனுஷன் இரண்டு நாளாகச் சட்டை மாற்றவில்லை. தளத்தின் மேல் ஏறாமல் ஓரத்திலேயே நின்றுகொண்டார்.

"அஞ்சுதானே வோனி?"

"இன்னும் பாத்துக்கிட்டிருக்கோம், அண்ணே."

"என்னத்தைப் பாக்கறே? ஒண்ணுமே இல்லையே பாக்கறதுக்கு." சிரிக்க முயன்றார், வரவில்லை. "அவ போன் பண்ணினா. 'அப்பா, கார் எடுத்துக்கிட்டு நம்ம வீட்டு நிலத்தடி ஷெல்டருக்கு வந்துடட்டுமா'ன்னு கேட்டா. பத்து நிமிஷம்தான் ஆகும், வந்திருப்பா. நான்தான், 'வேணாம்மா, ரோட்டுல மாட்டிக்காதே, தொட்டிக்குள்ள படு, அது அப்பா கட்டின வீடு, அசையாது'ன்னேன்."

காற்று வரும்போது காரில் ஏறாதே என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறவளே லவோனாதான். அண்ணன் சொன்னது சரியான யோசனை. வீடு மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால்.

"அஞ்சுன்னு சொல்லு, வோனி. உன்னை நான் வேற ஒண்ணும் கேட்டதில்லை. அஞ்சுன்னா எந்த வீடும் நிக்காது. எந்தக் கொம்பன் கட்டியிருந்தாலும் நிக்காது." குரல் உடைந்தது. "அஞ்சுன்னு சொன்னா நான் எப்படியோ இருந்துடுவேன்."

"சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்றேன், அண்ணே. நீங்க போய் அண்ணி பக்கத்துல இருங்க" என்று அனுப்பி வைத்தாள். போகும்போது எதிர்வீட்டை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பிக்கப் மறைந்ததும் எமரி தொண்டையைக் கனைத்தார். "அஞ்சு என்னால முடியாது. அந்த ரோஜாச் செடியைப் பாத்து எந்த முட்டாளும் சிரிப்பான். நாலுன்னா கண்ணை மூடிக்கிறேன்."

"என்ன சொல்றீங்க?"

"போல்ட்டு இருந்துச்சுன்னு எழுதறேன், உறுதியான வீடுன்னு ஆயிடும். அது பொய்யில்லையே. நட்டைப் பத்தி எழுதலைன்னா யாரும் கேக்கப் போறதில்லை. உள்ளபடி மூணுன்னு போட்டா ஏன் மூணுன்னு பேப்பர்க்காரன் கேப்பான், ஊரே வந்து இந்தப் போல்ட்டைப் பாக்கும். உங்கண்ணன் தூக்குல தொங்கிடுவாரு, லவோனா."

அத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட எண்ணைத் தொட்டவரில்லை. ஊர்த் தலைவர்கள் கெஞ்சியும் அசையாத மனுஷன். அவரே சொன்னது அவளை ஆட்டிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "அங்க போயிட்டு உங்களுக்குப் போன் பண்றேன்" என்று காரில் ஏறினாள். வழியெல்லாம் நாலு, நாலு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். நன்றாகத்தான் இருந்தது. செத்தவள் திரும்பப் போவதில்லை. இருக்கிறவனையாவது காப்பாற்றலாமே.

டாயல் வீட்டில் சர்ச் பெண்கள் அடுப்படியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேஜை நிறைய வறுத்த கோழி, பன்றித் தொடை, பீன்ஸ் காஸரோல். சாப்பிட ஆள்தான் இல்லை. அண்ணி நெல்டா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அழுது முடித்த முகம். பக்கத்தில் ஒருத்தி அவள் கையைத் தடவிக்கொண்டு, "அஞ்சுன்னு சொல்றாங்கம்மா, கடவுளே வந்தாலும் தடுத்திருக்க முடியாது" என்று தேறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் கராஜ்ல இருக்காரு. உள்ளயே வரமாட்டேங்கறாரு" என்றாள் நெல்டா.

கராஜின் தரைக்குள்தான் அவர்கள் வீட்டு ஷெல்டர். ஆறு பேர் உட்காரலாம். அதன் இரும்பு மூடியின் மேலேயே டாயல் உட்கார்ந்திருந்தார். லவோனா கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாலுன்னு போடப் போறோம், அண்ணே. நாலுன்னாலும் பெரிய காத்துதான். அதுக்கு முன்னால எந்த வீடும்…"

"ரோஜாச் செடி நிக்குதே, வோனி."

லவோனா குனிந்து கராஜ் தரையைப் பார்த்தாள்.

"சின்ன வயசுலேர்ந்து இந்த ஊர்க் காத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா? எதிர்வீடு நிக்குது. நான் கட்டினதுதான் அதுவும்." குனிந்து வேலை மேஜைக்கு அடியில் கையை விட்டு ஒரு காபி டின்னை வெளியே இழுத்தார். கனமான டின். மூடியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

உள்ளே விளிம்பு வரைக்கும் நட்டும் வாஷரும். எண்ணெய் மினுக்குக்கூடப் போகவில்லை.

"அவ வீட்டோடதுதான்" என்றார் டாயல். "ஊர் எல்லைக்கு வெளியே இருக்கற வீடு, கட்டடம் பாக்கற இன்ஸ்பெக்டரெல்லாம் வரமாட்டான். மழை வருதுன்னு பசங்க அவசர அவசரமாச் சுவரைத் தூக்கி நிறுத்திட்டாங்க. முறுக்கறதை மட்டும் யாரும் தொடாதீங்கடா, எம்பொண்ணு வீடு, ஞாயித்துக்கிழமை நானே என் கையால முறுக்கறேன்னேன். பெருமை, வேறென்ன."

"போகலையா?"

"போனேன். இந்த டின்னோடதான் போனேன். பாத்தா, அந்தத் தளத்துல பெட்ஷீட்டை விரிச்சு அவ சோறு தயார் பண்ணி வெச்சிருக்கா. கோழி, உருளைக்கிழங்கு சாலட், எல்லாம். 'இன்னிக்கு ஒரு நாளாவது ஸ்பேனரைக் கீழ போடுப்பா, என் புது வீட்டுல முதல்ல உக்காந்து சாப்பிடறது நீதான்'னா. உக்காந்தேன். சாப்பிட்டேன். சாயங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தோம். மறுநாள் சுவர்ப் பலகைக்காரன் வந்து போல்ட்டு தெரியாம எல்லாத்தையும் மூடிட்டான்."

"மறந்துட்டீங்களா அண்ணே?" தலையாட்டிவிடுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"மறந்தேன். ஆனா அந்த வாரமே ஞாபகம் வந்துடுச்சு. சுவரை உடைக்கணுமே, அவ பெயின்டெல்லாம் அடிச்சு வெச்சிருக்காளேன்னு பாத்தேன். அப்புறம் பாத்துக்கலாம், கொஞ்ச நாள் போகட்டும்னு விட்டேன். காசு வாங்கிக் கட்டின வீட்டுக்கெல்லாம் ஒண்ணு விடாம முறுக்கினேன், வோனி. ஒண்ணு விடாம." அந்தப் பெரிய உடம்பு முழுக்கக் குலுங்கியது, சத்தமே வரவில்லை.

லவோனாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். இந்த டின்னைப் பார்க்கும் வரைக்கும் நாலு என்பது அவள் வாயில் சுலபமாக வந்தது. இனி வராது. யாருக்காகப் பொய் சொல்ல வந்தாளோ அந்த ஆளுக்கே அது பொய் என்று தெரிந்துவிட்டதே.

கதவு திறந்தது. நெல்டா நின்றாள். அவளுக்குப் பின்னால் சர்ச் பெண்களின் தலைகள் தெரிந்தன.

"லவோனா, என்ன நம்பர்? அஞ்சுதானே? இவங்கள்லாம் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

லவோனா வாயைத் திறப்பதற்குள் டாயல் எழுந்தார்.

"மூணு, நெல்டா."

"என்ன?"

"மூணுதான். எதிர்வீட்டுல அடிச்ச அதே காத்து."

நெல்டா அவரைப் பார்த்தாள். பிறகு தரையில் திறந்து கிடந்த டின்னைப் பார்த்தாள். முப்பது வருஷம் வீடு கட்டுகிறவனோடு குடித்தனம் நடத்தியவள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கிட்டே வந்து குனிந்து ஒரு நட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வரேன்னுதானே கேட்டா" என்றாள் மெதுவாக. "நான் பக்கத்துலதானே நின்னேன். வரேன்னுதானே கேட்டா எம்பொண்ணு."

நெல்டா அந்த நட்டைத் திரும்ப டின்னில் போடவில்லை, கையிலேயே மூடிக்கொண்டாள். உள்ளே போய், "எல்லாரும் வீட்டுக்குப் போங்கம்மா, சாப்பாட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்வது கேட்டது. பாத்திரங்களின் சத்தம், கார்கள் கிளம்பும் சத்தம். பிறகு படுக்கையறைக் கதவு தாழ்ப்பாள் விழும் சத்தம்.

லவோனாவின் போன் அடித்தது. எமரி.

"என்ன பண்ணலாம்? நாலுன்னு எழுதட்டுமா?"

டாயல் திரும்ப அந்த இரும்பு மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டிருந்தார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் இன்னும், இந்த நிமிஷத்திலும், ஏதோ ஒன்று கெஞ்சிக்கொண்டுதான் இருந்தது.

"மூணுன்னு எழுதுங்க எமரி."

"காரணம்?"

"நட்டு இல்லைன்னு எழுதுங்க."

"நல்லா யோசிச்சியா? நட்டு போடவே இல்லைன்னு எப்படித் தெரியும்னு யாராவது கேட்டா?"

"வீடு கட்டினவரே சொன்னாருன்னு போடுங்க" என்றாள் லவோனா.